வாண்டாவின் பங்காளிகள்: வெப்பமண்டல ஆர்க்கிட்களின் உறவை மரபணு வழியே கண்டறிவது எப்படி

மதுரையிலிருந்து சிறுமலைக்கோ அழகர்மலைக்கோ செல்பவர்கள், மரக்கிளையைத் தடித்த வேர்களால் பற்றிக்கொண்டு வார் போன்ற இலைகளை இருபுறமும் விரித்திருக்கும் செடியைப் பார்த்து, ‘புல்லுருவி’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். புல்லுருவி தான் ஏறிய மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழும். இந்தச் செடியோ மரத்தில் இடம் மட்டும் பிடித்துக்கொண்டு, மழைநீரையும் பட்டையில் படியும் மக்கையும் வைத்தே பிழைக்கும் ஆர்க்கிட். பழுப்பு மஞ்சளில் கட்டம் கட்டமாகக் கோடு ஓடும் இதழ்களும் நீலமோ ஊதாவோ கலந்த, உதடு போன்ற கீழிதழும் கொண்ட வாண்டா டெசெலாட்டா, நம் பக்கத்துத் தாழ்ந்த குன்றுகளின் உலர்ந்த காடுகளுக்கு உரிய இனம். பொன்மஞ்சள் பூ பூப்பதும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுவதுமான இன்னொரு செடி, நெடுங்காலம் வாண்டா ஸ்பாதுலாட்டா என்ற பெயரில் இதன் உடன்பிறப்பாகவே வைத்து எண்ணப்பட்டது. 1992-இல் தாவரவியலாளர் கிறிஸ்டென்சன் அதை வாண்டாவிலிருந்து பிரித்து, டாப்ரோபேனியா என்னும் தனிப் பேரினத்தில் வைத்தார். இப்படிப்பட்ட பிரிவினை சரியா என்று மரபணுவிடம் கேட்பதற்கு, மதுரையில் ஓர் எளிய ஆய்வகத்தை மட்டும் நம்பியிருக்கும் முதுகலை மாணவர் ஒருவர் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

பூவைப் பார்த்தே உறவைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஏறத்தாழ 28,000 சிற்றினங்கள் கொண்ட இந்தக் குடும்பத்தில் அந்த வழி பலமுறை ஏமாற்றியிருக்கிறது. பூவின் வடிவம் அதைத் தேடி வரும் பூச்சிக்கோ பறவைக்கோ ஏற்ப மாறுவதால், ஒரே வகை விருந்தாளியை எதிர்பார்க்கும் இரண்டு தூரத்து இனங்கள் ஒன்றுபோலத் தோற்றம் கொள்வதும், நெருங்கிய இரண்டு இனங்கள் முற்றிலும் வேறாகிவிடுவதும் சாதாரணம். விசிறிபோல் பூங்கொத்து விரிக்கும் சிர்ரோபெட்டலம் தனிப் பேரினமாக இருந்து, இப்போது 2,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட பல்போபில்லத்துக்குள் அடங்கிவிட்டது. நம் ஊரில் இரண்டு குடும்பங்கள் பங்காளிகளா என்று அறிய முகச்சாயலை யாரும் பார்ப்பதில்லை. மாசிச் சிவராத்திரிக்கு எந்தக் குலதெய்வக் கோவிலுக்குப் போகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு மரபணு எழுத்துகளில் நாம் தேடுவதும் அதைப் போன்ற அடையாளத்தைத்தான். ஆனால் அந்த அடையாளமும் சில வேளைகளில் இரண்டு கோவில்களைக் காட்டும் என்பதைக் கீழே பார்ப்போம்.

இலை பறிப்பதற்கு முன்

முதலில் அனுமதி. காப்புக்காட்டில் ஒரு துண்டு இலை எடுப்பதற்கும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்திலோ, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்திலோ வேலை என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இன்றியமையாதது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் பட்டியல்களில் இருப்பதால், மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் விதிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்துக்கும் அனுமதிக்கும் இடையே ஒரு பூக்கும் பருவமே கடந்துவிடக்கூடும் என்பதால், ஆய்வுத் திட்டம் எழுதும் வாரத்திலேயே விண்ணப்பத்தையும் எழுதிவிடுவது நல்லது.

அடுத்தது எந்தச் செடிகளை எடுப்பது என்ற முடிவு. டாப்ரோபேனியா வாண்டாவின் உடன்பிறப்பா என்று கேட்க, அந்த இரண்டை மட்டும் எடுத்தால் பதிலே கிடைக்காது. இரண்டு பேரை மட்டும் நிறுத்திவைத்து யார் யாருக்கு நெருக்கம் என்று கேட்க முடியாதல்லவா? எனவே அதே துணைப்பிரிவைச் சேர்ந்த ஆக்கம்பே, லூயிசியா, ஏரிடிஸ், ரிங்கோஸ்டைலிஸ் ஆகியவற்றிலிருந்து இரண்டிரண்டு இனங்களேனும் வேண்டும். இவற்றுக்கு வெளியே, உறவு உறுதியாகத் தெரிந்த ஒன்றை வெளிக்குழுவாக வைக்க வேண்டும். ஏரிடினே என்னும் இந்தத் துணைப்பிரிவுக்குப் பாலிஸ்டாக்கியாவோ ஆங்கிரேக்கமோ பொருத்தமாக இருக்கும். மொத்தம் இருபது மாதிரிகள் முதல் முயற்சிக்குப் போதும். ஒவ்வோர் இனத்துக்கும் வெவ்வேறு இடங்களிலிருந்து குறைந்தது இரண்டு செடிகள் வைத்துக்கொண்டால், பின்னால் பிழை பிடிக்க அது பெரிதும் உதவும்.

பூவில்லாத செடியிலிருந்து இலையெடுத்துப் பெயர் சூட்டாதீர்கள். இலையை மட்டும் வைத்து வாண்டா டெசெலாட்டாவையும் டாப்ரோபேனியாவையும் பிரிக்க முடியும் என்று சொல்லும் அனுபவசாலிகளும் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். பூத்த செடியைப் படமெடுத்து, ஒரு பூவை 70 சதவீத எத்தனாலில் போட்டு, முடிந்தால் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, எண்ணிட்ட சான்று மாதிரியாக, ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகங்களான கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலோ திருச்சியில் உள்ள ராபினாட் ஹெர்பேரியத்திலோ சேர்த்துவிட வேண்டும். மரபணு வரிசை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது எந்தச் செடியிலிருந்து வந்தது என்று இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் திறந்து பார்க்க முடியாவிட்டால் அதை நம்ப வழியில்லை. காட்டில் தேடிக் கிடைக்காத இனங்களுக்கு, கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் அருங்காட்சியகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தையும், ஏற்காட்டில் உள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்தையும் அணுகலாம். நர்சரிகளில் விற்கும் வாண்டாக்களை மட்டும் தொடவே வேண்டாம். அவற்றுள் பெரும்பாலானவை பல தலைமுறைகளாகக் கலந்த கலப்பினங்கள்.

இலையிலிருந்து டி.என்.ஏ. வரை

இந்த வேலையில் பலர் தோற்பது கணினியின் முன் அல்ல, சிலிக்கா ஜெல் பையின் முன். நான் முதன்முறை பழனி மலையில் எடுத்த இலைகளை வெறும் பாலித்தீன் கவரில் போட்டு, ஐப்பசி மழையில் நனைந்த பையோடு கொடைக்கானலிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் இறங்கினேன். மறுநாள் காலை கவரைத் திறந்தபோது இலைகள் கறுத்து, ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம் பூத்திருந்தது. இலையைப் பறித்த கணத்திலிருந்து செல்களுக்குள் இருக்கும் நொதிகள் டி.என்.ஏ.வை வெட்டத் தொடங்கிவிடும். நீரை வேகமாக வெளியேற்றினால்தான் அவை அடங்கும். சாதாரண இலைக்கு அதன் எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல் போதும் என்பார்கள். வாண்டாவின் இலை தோல் போன்றது, மெழுகு பூசியது, உள்ளே நீர் மிகுந்தது. அதை முழுதாகப் போட்டால் மூன்று நாள் ஆனாலும் நடுப்பகுதி காயாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதிராத, பூச்சி அரிக்காத இலையின் நுனியில் மூன்று விரல் அகலம் மட்டும் வெட்டி எடுங்கள். செடிக்கு அது பெரிய இழப்பில்லை. 70 சதவீத எத்தனால் தோய்த்த பஞ்சால் இருபுறமும் அழுத்தித் துடையுங்கள், ஏனெனில் ஈரமான மரங்களில் வாழும் இலைகளின் மேல் பாசியும் பூஞ்சையும் படர்ந்திருக்கும். பிறகு பிளேடால் குறுக்காக இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள நாடாக்களாக நறுக்கி, வடிதாள் உறையில் இட்டு, அந்த உறையைச் சிலிக்கா ஜெல் நிரம்பிய ஜிப் கவருக்குள் புதைத்துவிடுங்கள். நீல நிறச் சிலிக்கா மணிகள் ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறும்; முதல் நாள் மாலையே நிறம் மாறினால் புது மணிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். நிறம் மாறிய மணிகளை ஆய்வக அடுப்பில் சுமார் 120 டிகிரியில் சூடேற்றினால் மீண்டும் நீலமாகும். நீல நிறத்தைத் தருவது நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உப்பு என்பதால், வீட்டு வாணலியில் வறுக்கும் வேலை கூடாது. சரியாகக் காய்ந்த இலைத் துண்டு வளைத்தால் அப்பளம்போல் ஒடியும். மாதிரியின் எண் எழுதிய சீட்டை உறைக்குள்ளேயே வையுங்கள், அதையும் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை எத்தனால் பட்டால் கரைந்துபோகும். இந்த ஒரு வாக்கியத்தை நான் மதிக்காமல் விட்டதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

டி.என்.ஏ.வைப் பிரிப்பதற்கு 1987-இல் டாய்ல் தம்பதியர் எழுதிய, சோப்பு போல் செல்லை உடைக்கும் சி-டேப் என்னும் வேதிப்பொருளைக் கொண்ட முறையே இன்றும் பெரும்பாலான தாவர ஆய்வகங்களின் அடிப்படை. சுமார் 20 மில்லிகிராம் உலர்ந்த இலையை உரலில் மாவாக அரைத்து, 2 சதவீத சி-டேப், 1.4 மோலார் உப்பு, 20 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 100 மில்லிமோலார் டிரிஸ் அடங்கிய கரைசலில் சிறிது பி.வி.பி.யும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்து, 65 டிகிரி நீர்த்தொட்டியில் முக்கால் மணி நேரம் வைக்க வேண்டும். ஆறியபின் குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24-க்கு 1 என்ற அளவில் கலந்த திரவத்தைச் சேர்த்து, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கி, மையவிலக்கியில் சுழற்றினால், டி.என்.ஏ. மேலடுக்கு நீரில் நிற்கும். அந்த மேலடுக்கை மட்டும் பிப்பெட்டால் எடுக்க வேண்டும். நடுவே பாலாடைபோல் நிற்கும் புரதப் படலத்தைத் தொட்டுவிடக் கூடாது. அதில் குளிர்ந்த ஐசோபுரொப்பனாலைச் சேர்த்தால் டி.என்.ஏ. வெண்ணூலாகத் திரளும்.

ஆர்க்கிட்டின் தொல்லை இந்த இடத்தில்தான் தெரியும். இலையில் உள்ள பிசினும் பல்சர்க்கரைகளும் டி.என்.ஏ.வோடு சேர்ந்தே படிந்து, குழாயின் அடியில் வெண்ணூலுக்குப் பதிலாகக் கஞ்சிபோல் வழவழப்பான கட்டி கிடைக்கும். அதை அப்படியே, டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆருக்கு எடுத்தால் நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி முடங்கி, நகல்களைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் ஒன்றுமே தெரியாது. அரைத்த மாவைச் சி-டேப் சேர்ப்பதற்கு முன் சார்பிட்டால் கரைசலால் இரண்டு மூன்று முறை கழுவி ஊற்றிவிடுவதும், உப்பின் செறிவை 2 மோலாருக்கு மேல் உயர்த்துவதும் எனக்குக் கைகொடுத்த மாற்றங்கள். அப்படியும் பிசின் விடாவிட்டால் இலையை விட்டுவிட்டு, மெல்லிய இதழை உலர்த்திப் பயன்படுத்துங்கள். பூவில் அந்தத் தொல்லை குறைவு. நிறமாலைமானியில் ஒளி உறிஞ்சுதலின் 260-க்கு 280 நானோமீட்டர் விகிதம் 1.8 அருகிலும், 260-க்கு 230 விகிதம் 2-ஐ ஒட்டியும் இருந்தால் மேலே போகலாம். முதல் விகிதம் நன்றாக இருந்து இரண்டாவது 1-க்குக் கீழே கிடந்தால், பல்சர்க்கரை போன்ற மாசு இன்னும் போகவில்லை என்று பொருள், டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்த்துப் பி.சி.ஆர். செய்தால் பல நேரம் ஓடிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் மின்வெட்டு வந்தால் உறைபெட்டியில் உள்ள நொதிகள் கெடும்; அந்த இரண்டு மாதங்களில் நொதிகளைச் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து, பனிக்கட்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்து உறைபெட்டியில் அடுக்குங்கள்.

எந்தப் பகுதியைப் படிப்பது

குறைந்த செலவில் தொடங்குபவர்களுக்கு இரண்டு பகுதிகள் போதும்: உட்கருவிலிருந்து ஐ.டி.எஸ்., பசுங்கணிகத்திலிருந்து மேட்-கே. முதலாவது சுமார் 650 எழுத்துகள் நீளம் கொண்டது. வேகமாக மாறுவதால் நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டும். இரண்டாவது அதைவிட மெதுவாக மாறுவது. 2009-இல் தாவரங்களுக்குப் பொது அடையாளப் பகுதிகளாகப் பரிந்துரைக்கப்பட்ட இரண்டில் ஒன்று என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுத் தரவுத்தளத்தில் ஏராளமான வரிசைகள் கிடைக்கும். பணமும் நேரமும் இருந்தால் பசுங்கணிகத்தின் ஒய்.சி.எஃப்.1 மரபணுவையும் சேர்க்கலாம். அதில் வேறுபாடு நிறைய உண்டு. இலையே இல்லாமல் பூஞ்சையை நம்பி வாழும் எபிபோகியம் போன்ற ஆர்க்கிட்களில் மட்டும் இந்தத் திட்டம் சரிவராது. வழக்கமான ஆர்க்கிட்டின் பசுங்கணிக மரபுத்தொகுதி ஏறத்தாழ 1,50,000 எழுத்துகள் கொண்டது. எபிபோகியம் ரோசியத்தில் அது சுமார் 19,000 எழுத்துகளாகச் சுருங்கிவிட்டது. ஒளிச்சேர்க்கை செய்யாத செடிக்கு அந்த மரபணுக்கள் தேவைப்படாமல் உதிர்ந்துபோயின.

ஐ.டி.எஸ். பகுதியில் இன்னொரு பொறியும் உண்டு. அதற்குப் பரவலாகப் பயன்படும் ஐ.டி.எஸ்.4, ஐ.டி.எஸ்.5 என்னும் பிரைமர்கள் (நகலெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) 1990-இல் பூஞ்சை ஆய்வுக்காக வெளியிடப்பட்டவை. ஆர்க்கிட்டோ வேரில் பூஞ்சையைக் குடிவைத்துக்கொண்டு வாழும் செடி. என் முதல் தொகுப்பில் ஆக்கம்பே என்று எழுதிய குழாயின் ஜெல் பட்டை அத்தனை துல்லியமாக இருந்தது. வந்த வரிசையை, பொதுத் தரவுத்தளத்தில் அதை ஒத்தவற்றைத் தேடித்தரும் பிளாஸ்ட் தேடலில் இட்டால் முதல் பக்கம் முழுக்கப் பூஞ்சைப் பெயர்கள். இலையைத் துடைக்காமல் எடுத்ததன் பலன் அது. எனவே வேரை மாதிரியாக எடுக்காதீர்கள், தாவரங்களுக்கென மாற்றியமைத்த பிரைமர்களைத் தேடிப் பயன்படுத்துங்கள், வந்த ஒவ்வொரு வரிசையையும், உறவைக் கிளைகளாகக் காட்டும் மரம் வரைவதற்கு முன் பிளாஸ்ட்டில் ஒருமுறை இட்டுப் பாருங்கள். அதற்காகப் பொதுத் தரவுத்தளத்தில் உள்ள பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சான்று மாதிரி எண் இல்லாத வரிசைகளை நான் என் மரத்தில் சேர்ப்பதில்லை.

எழுத்துகளை அடுக்குதல்

வரிசை படித்துத் தரும் நிறுவனத்திலிருந்து வரும் கோப்பில் எழுத்துகளை மட்டும் பார்க்காமல், அவற்றின் மேல் எழும் அலைகளையும் பாருங்கள். முன்னிருந்தும் பின்னிருந்தும் படித்த இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் குழம்பிக் கிடக்கும் ஐம்பது எழுத்துகளை வெட்டிவிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு அலைகள் சம உயரத்தில் எழுந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடாமல், ஏ-யும் ஜி-யும் என்றால் ‘ஆர்’ என்றும், சி-யும் டி-யும் என்றால் ‘ஒய்’ என்றும் குறியுங்கள். அந்த இரட்டை அலைகள் பிறகு தேவைப்படும்.

எல்லா வரிசைகளையும் மாஃப்ட் என்னும் இலவச மென்பொருளில் இட்டால், ஒத்த இடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். மென்பொருள் அடுக்கியதைக் கண்ணால் ஒருமுறை சரிபார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு பத்தி இடம் பிசகினால் அதற்குப் பின் உள்ள ஒற்றுமை எல்லாம் பொய்யாகிவிடும். அடுக்கியதை எப்படிப் படிப்பது என்பதற்கு, விளக்கத்துக்காக நான் இட்ட ஏழு எழுத்துகளைப் பாருங்கள்.

பாலிஸ்டாக்கியா: டி ஏ சி ஜி டி ஏ சி
ஆக்கம்பே: டி ஏ சி ஜி சி ஏ சி
முதல் செடி: டி ஜி சி ஜி சி ஏ டி
இரண்டாம் செடி: டி ஜி சி ஜி சி ஜி டி

ஒன்று, மூன்று, நான்காம் பத்திகளில் எல்லாரும் ஒன்று. அவை உறவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆறாம் பத்தியில் இரண்டாம் செடி மட்டும் மாறியிருக்கிறது; அது அந்தச் செடியின் சொந்த விஷயம். ஐந்தாம் பத்தி வெளிக்குழுவைத் தவிர்த்த மூவரையும் சேர்த்துக் காட்டுகிறதே ஒழிய, மூவருக்குள் யார் நெருக்கம் என்று சொல்லாது. இரண்டாம், ஏழாம் பத்திகளில்தான் விடை இருக்கிறது: வெளிக்குழுவிலும் ஆக்கம்பேயிலும் பழைய எழுத்து அப்படியே இருக்க, இரண்டு செடிகளிலும் ஒரே புதிய எழுத்து வந்திருக்கிறது. பழைய எழுத்தைப் பகிர்வது உறவுக்குச் சான்றாகாது, புதிதாக வந்ததைப் பகிர்வதே சான்று. எது பழையது என்று சொல்வதற்குத்தான் வெளிக்குழு.

மரம் வரைதலும் அதை நம்புதலும்

அடுக்கிய கோப்பை ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் கொடுத்தால், எழுத்துகள் மாறும் வேகத்துக்குப் பொருத்தமான கணித மாதிரியை அதுவே தேர்ந்து, பெரும நிகழ்தகவு முறையில் மரம் வரைந்து தரும். இருபது இனங்களுக்குச் சாதாரண மடிக்கணினியில் ஒரு டீ குடித்து வரும் நேரம் போதும். கிளைகள் பிரியும் ஒவ்வொரு கணுவின் அருகிலும் நிற்கும் பூட்ஸ்ட்ராப் எண்ணின் பொருளை மாணவர்கள் தவறாகவே எழுதுகிறார்கள். 650 பத்திகளிலிருந்து, எடுத்ததையே திரும்ப எடுக்கலாம் என்ற விதியோடு, குலுக்கல் முறையில் 650 பத்திகளை எடுத்துப் புதிய மரம் வரைவது, அதை ஆயிரம் முறை திரும்பச் செய்வது, அவற்றுள் எத்தனை மரங்களில் அந்தக் கிளைக்குழு தோன்றியது என்று எண்ணுவது, இவ்வளவுதான் அந்த எண். அது சரியாக இருப்பதற்கான நிகழ்தகவு அல்ல. கையில் உள்ள தரவு எவ்வளவு ஒருமித்துப் பேசுகிறது என்பதன் அளவு. பழைய முறையில் 70-க்கு மேல் இருந்தால் மதிக்கலாம் என்பது வழக்கம். ஐக்யூ-ட்ரீயின் அதிவேக முறையில் 95-க்குக் கீழே இருப்பதை உறுதி என்று எழுதக் கூடாது.

மரத்தைப் படிக்கும்போது மேலிருந்து கீழாக உள்ள வரிசைக்குப் பொருள் இல்லை. எந்தக் கணுவையும் அப்படியே சுழற்றலாம். அடியில் முதலில் பிரிந்த கிளையில் உள்ள இனத்தை மற்றவற்றின் மூதாதை என்று எழுதுவதும் பிழை. அதுவும் இன்று உயிரோடு இருக்கும் இனமே. எழுத்துகள் நான்கே என்பதால், வேகமாக மாறும் இரண்டு தூரத்துக் கிளைகள் தற்செயலாக ஒரே எழுத்துகளைப் பெற்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. 1978-இல் ஃபெல்சன்ஸ்டைன் சுட்டிக்காட்டிய சிக்கல் இது. நீண்ட கிளைகளுக்கு இடையே உறவினங்களைச் சேர்த்து அவற்றைப் பிளப்பதே மருந்து.

காலக்கணிப்பில் இறங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். ஆர்க்கிட் புதைபடிவங்கள் மிகக் குறைவு. டொமினிக்கன் ஆம்பர் என்னும் இறுகிய பழைய மரப்பிசினில் தேனீயின் முதுகில் ஒட்டியிருந்த மகரந்தத் திரளாகக் கிடைத்து 2007-இல் மெலியார்க்கிஸ் என்று பெயரிடப்பட்ட படிவம், 1.5 முதல் 2 கோடி ஆண்டுகள் பழைமையானது. நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கொண்டு 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, இன்றைய ஆர்க்கிட்களின் பொது மூதாதை சுமார் 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்ததாகவும், இன்று காணும் சிற்றினங்கள் பலவாகப் பிரிந்ததில் பெரும்பகுதி கடந்த 50 லட்சம் ஆண்டுகளில் நிகழ்ந்ததாகவும் கணிக்கிறது. இவ்வளவு அண்மையில் பிரிந்த இனங்களுக்கிடையே இரண்டு மரபணுக்களில் மாற்றம் சேர நேரமே இருந்திருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் மரத்தின் குட்டைக் கிளைகளைப் பாருங்கள்.

இரண்டு மரங்கள் முரண்பட்டால்

உட்கருவுக்கு ஒன்றும் பசுங்கணிகத்துக்கு ஒன்றுமாக இரண்டு மரங்களைத் தனித்தனியே வரையுங்கள். இரண்டையும் ஒட்டி ஒரே நீள வரிசையாக்கி மரம் வரைந்தால் எண்கள் உயர்ந்து அழகாகத் தெரியும். பல ஆய்வேடுகள் அந்த மரத்தோடு முடிந்துவிடுகின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை. பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்ச்செடி வழியே மட்டும் வருவது. உட்கரு இரு பெற்றோரிடமிருந்தும் வருவது. இரண்டும் வெவ்வேறு கதை சொன்னால், ஒட்டிய மரம் அதில் எழுத்து அதிகமுள்ள பகுதியின் கதையை மட்டும் உரக்கச் சொல்லி மற்றதை அமுக்கிவிடும்.

முரண்பாடு கண்டால் முதலில் உங்கள் கையைச் சந்தேகியுங்கள். ஒருமுறை என் ஐ.டி.எஸ். மரத்தில் வாண்டாக்களோடு நின்ற ஒரு மாதிரி, மேட்-கே மரத்தில் லூயிசியாவோடு போய் நின்றது. பேரினங்களுக்கு இடையே பிறந்த இயற்கைக் கலப்பினம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு மாதம் மகிழ்ந்திருந்தேன். அது வெறும் சீட்டுப் பிழை: குழாயின் மேல் மார்க்கரால் எழுதிய ‘17’-இல் எத்தனால் பட்டு 7 அழிந்து, வெறும் 1 மிஞ்சியிருந்தது; மேட்-கே பி.சி.ஆருக்கு நான் எடுத்தது வேறு செடியின் டி.என்.ஏ. சான்று மாதிரியிலிருந்து புதிதாக இலை எடுத்து, ஒரே குழாயிலிருந்து இரண்டு பகுதிகளையும் மீண்டும் படித்தபோது முரண்பாடு மறைந்தது. ஆகவே டி.என்.ஏ.வை மீண்டும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

அதில் தப்பினால், முரண்படும் கணுக்களின் ஆதரவு எண்களைப் பாருங்கள். இரண்டு மரங்களிலும் வலுவாக இருந்தால்தான் அது முரண்பாடு, ஒன்றில் 50 என்று இருந்தால் அந்த மரம் எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும். அடுத்து, முன்பு ‘ஆர்’, ‘ஒய்’ என்று குறித்துவைத்த இடங்களுக்குத் திரும்புங்கள். இரண்டு இனங்கள் எழுத்தில் வேறுபடும் அதே இடங்களில் உங்கள் செடி இரட்டை அலை காட்டினால், இரண்டு பெற்றோரின் நகல்களும் அதற்குள் இருக்கின்றன என்ற ஐயம் வலுப்பெறும்.

எஞ்சுவது கலப்பா, அல்லது மூதாதையிலேயே இருந்த வேறுபாடு சரியாகப் பிரியாமல் வந்ததா என்ற கேள்வி. இரண்டாவதைப் புரிந்துகொள்ள, பாட்டியிடம் சிவப்புக்கல் தோடும் பச்சைக்கல் தோடும் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அவை மகள்கள் வழியே பேத்திகளுக்குப் போகும்போது, உடன்பிறந்த இருவரில் ஒருத்திக்குச் சிவப்பும் மற்றவளுக்குப் பச்சையும் வரலாம். சித்தி மகளுக்கும் சிவப்பே வரலாம். சிவப்புத் தோடு போட்ட இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று முடிவு செய்தால் தவறு. இனங்கள் அடுத்தடுத்து விரைவாகப் பிரிந்த இடங்களில் மரபணுக்களும் இப்படியே பிரிகின்றன. கலப்பிலிருந்து இதைப் பிரித்தறிய இரண்டு மரபணுக்கள் போதா, நூற்றுக்கணக்கில் வேண்டும். பூக்கும் தாவரங்கள் அனைத்துக்குமாக 2019-இல் வெளிவந்த, குறித்த 353 மரபணுக்களை மட்டும் டி.என்.ஏ.விலிருந்து பிடித்தெடுக்கும் தொகுப்பும், ஆர்க்கிட்களுக்கென்றே 2021-இல் வந்த 963 பகுதிகளின் தொகுப்பும் இதற்குப் பயன்படுகின்றன. உலர்ந்த பழைய ஹெர்பேரிய மாதிரியின் நொறுங்கிய டி.என்.ஏ.விலும் இந்த முறை வேலை செய்யும் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி.

ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு மரம் வரைந்து, அவை அனைத்தையும் ஆஸ்ட்ரல் மென்பொருளில் இட்டால் இன மரம் கிடைக்கும். பிறகு மூன்று இனங்களை எடுத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். மூவருக்கு மூன்று விதமான இணைப்பே சாத்தியம். அதிக மரபணுக்கள் காட்டும் இணைப்பு முதன்மையானது. மற்ற இரண்டு இணைப்புகளும் ஏறத்தாழ சம எண்ணிக்கையில் வந்தால் அது பாட்டியின் தோட்டுக் கதை. அவற்றுள் ஒன்று மட்டும் மற்றதைவிடத் தெளிவாக மிகுந்து நின்றால், அந்த இணைப்பு சேர்த்துக் காட்டும் இரண்டு இனங்களுக்கிடையே எப்போதோ கலப்பு நிகழ்ந்திருக்கிறது.

பெயர் மாற்றத்தில் அவசரம் வேண்டாம். ஆஸ்கோசென்ட்ரம், நியோஃபினிஷியா ஆகிய பேரினங்கள் 2012-இல் வாண்டாவுக்குள் சேர்க்கப்பட்டதற்கு, அவற்றின் கிளைகள் வாண்டாவின் கிளைகளுக்கு நடுவிலேயே முளைத்திருந்ததே காரணம். அவற்றை வெளியே வைத்தால் வாண்டா முழுக் குடும்பமாக நிற்காது. டாப்ரோபேனியாவோ இன்றும் தனிப் பேரினமாகவே ஏற்கப்படுகிறது. உங்கள் இருபது மாதிரி மரத்தில் அது வாண்டாவுக்குள்ளே விழுந்தால் மகிழ்வதற்கு முன் மாதிரியின் பூவை எத்தனாலிலிருந்து எடுத்து மீண்டும் ஒருமுறை பாருங்கள்; வெளியே விழுந்தால், எந்தக் கிளைக்கு அருகில், எவ்வளவு ஆதரவோடு என்பதை இரண்டு மரங்களுக்கும் தனித்தனியே எழுதுங்கள்.

கடைசியாக, வரிசைகளைப் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் சேர்க்கும்போது சான்று மாதிரி எண்ணையும் ஹெர்பேரியத்தின் பெயரையும் அதற்குரிய கட்டத்தில் கட்டாயம் நிரப்புங்கள். இடக்குறிப்புக் கட்டத்தில் மட்டும் கைபேசி காட்டிய அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். மரத்தோடு செடியைப் பெயர்த்துக்கொண்டு போக ஆள் தேடும் வியாபாரிகள் அந்தக் கட்டத்தையும் படிக்கிறார்கள். மலையின் பெயர், மாவட்டம், ஏறத்தாழ உயரம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, துல்லியமான இடத்தை ஹெர்பேரியத் தாளிலும் வனச்சரக அலுவலகத்துக்குக் கொடுக்கும் அறிக்கையிலும் எழுதுங்கள்.